பூக்கரைத் தாளின் பின்பக்கம்

பிப்ரவரி 4

மூத்தவளுக்கு,

உன் கடிதம் வந்தது. ஏழு மாதத்துக்குப் பிறகு நான்கு வரி. ஒரு வரி நலம் விசாரிப்பு, மூன்று வரி உத்தரவு. "பீரோவில் இருக்கும் நீலக் கோப்பை உடனே அனுப்பவும்" என்று எழுதியிருக்கிறாய். நான் உன் அலுவலகத்தில் சம்பளம் வாங்குகிறவள் இல்லை.

ஒன்பது வயதில் நீ தொண்டையில் சதை வளர்ந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கொடுத்த காகிதங்கள் அந்தக் கோப்பில் இருக்கின்றன. பதினோரு நாள் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள் நான். அப்போது உன் அப்பா எங்கே இருந்தார் என்று அவரையே கேள். கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயரை என் பெயருக்கு மேலே போட்டாயே, காகிதங்களையும் அவரிடமே வாங்கிக்கொள்.

அந்தப் பத்திரிகையை எங்கள் அச்சகத்தில்தான் அடிக்கக் கொடுத்தாய். பிழை பார்க்க என் மேஜைக்குத்தான் வந்தது. அவர் பெயர் இருந்த வரியைச் சிவப்பு மையால் அடித்துக் கொடுத்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் நான் அடித்த வரியை யாரும் திரும்பச் சேர்த்தது கிடையாது. நீ சேர்த்தாய். அதனால் நான் வரவில்லை. எத்தனை முறை கேட்டாலும் இதே பதில்தான்.

கோப்பு எதற்கு என்று ஒரு காரணம்கூட எழுதவில்லை. காரணம் இல்லாமல் எந்தத் தாளும் இந்த வீட்டை விட்டுப் போகாது.

இப்படிக்கு,
உன் தாயார்

‹!-- அக்கா, நீ இதைக் கண்டுபிடித்துவிட்டாய் என்றால் எனக்கு இப்போதே சந்தோஷம். மின்னஞ்சலுக்கு இந்த ரோஜாக் கரை போட்ட கடிதத்தாளை நான்தான் செய்தேன். கீழ் வலது மூலையில் ஒரு ரோஜாவை வேண்டுமென்றே தலைகீழாக வைத்திருக்கிறேன். வலைப்பக்கம் கட்டுகிற உனக்கு அதைப் பார்த்தால் கை சும்மா இருக்காது, தாளின் மூலத்தைத் திறந்து பார்ப்பாய் என்று நினைத்தேன். இந்தக் குறிகளுக்குள் எழுதினால் திரையில் தெரியாது, மூலத்தைத் திறக்கிறவருக்கு மட்டும் தெரியும் என்று நீதானே சொல்லிக் கொடுத்தாய். அம்மாவுக்கு இது தெரியாது.

அம்மா சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்கிறேன். உட்கார்ந்து சொல்ல மாட்டாள். ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடப்பாள். "வெறும் வெள்ளையில அனுப்பாதடி. நமக்கு வக்கில்லன்னு நெனச்சுக்குவா. பூப் போடு" என்றாள். "என்ன பூம்மா?" என்றேன். "முள்ளு இருக்கற பூவா பார்த்துப் போடு." அதனால்தான் ரோஜா.

"சம்பளம் வாங்குகிறவள் இல்லை" என்ற இடத்தில் நான் ஓர் ஆச்சரியக்குறி போட்டேன். "எடு அதை. இதுல ஆச்சரியப்பட என்ன இருக்கு? சொல்ல வேண்டியதைச் சொல்லத் தெரியாதவங்கதான் அந்தக் குச்சியை ஊனுவாங்க" என்றாள். அச்சகத்திலும் எல்லோருடைய ஆச்சரியக்குறியையும் அவள்தான் பிடுங்குகிறாளாம். முதலாளி சொன்னார்.

முடித்ததும் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் தண்ணீர் விழுந்தது. பாத்திரம் உரசும் சத்தம் கேட்கவில்லை. நான் படித்த கதைகளில் இப்படிக் குழாயைத் திறந்துவிட்டு நிற்பவர்கள் எல்லோரும் அழுவதற்காகத்தான் திறக்கிறார்கள்.

கோப்பு எதற்கு? எனக்காவது சொல். பூச்சி. --›


பிப்ரவரி 6

அம்மாவுக்கு வணக்கம்.

பதில் கிடைத்தது. காரணம் சொல்லாததற்குக் கோபப்படுகிறீர்கள். சொன்னால் காரணம் போதவில்லை என்று கோபப்படுவீர்கள். அந்தச் சிரமத்தை உங்களுக்கு மிச்சப்படுத்தியிருக்கிறேன்.

பதினோரு நாள் ஸ்டூல் கதையை விவரம் தெரிந்த நாளாகக் கேட்கிறேன். கட்டிலில் கிடந்தது நான், ஆனால் நோயாளி நீங்கள்தான் என்று கேட்பவர்கள் நினைப்பார்கள். அந்த ஸ்டூலுக்கு இன்னும் எத்தனை வருஷம் நன்றி சொல்ல வேண்டும் என்று ஒரு வரி எழுதினால் தேதியைக் குறித்துக்கொள்கிறேன்.

அப்பாவின் பெயரை உங்கள் பெயருக்கு மேலே போட வேண்டும் என்று நான் திட்டம் போடவில்லை. உங்கள் அச்சகத்தின் மாதிரிப் பத்திரிகையில் மேல்வரி அப்பாவுக்கு, கீழ்வரி அம்மாவுக்கு. நான் காலி இடத்தை நிரப்பினேன். அவர் உங்களை விட்டுப் போனார். சரி. என்னைப் பெற்றவர்கள் இரண்டு பேர் என்பது அச்சுப்பிழை ஆகாது.

நீங்கள் வராத கல்யாணத்தில் முதல் வரிசையில் ஒரு நாற்காலி கடைசிவரை காலியாக இருந்தது. புகைப்படக்காரர் அதை எடுத்துவிடச் சொன்னார். நான் விடவில்லை. ஏன் விடவில்லை என்று இப்போது யோசித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

கோப்பு வந்தால் நல்லது. வராவிட்டால் பழகிக்கொள்கிறேன். உங்களிடம் நான் பழகிக்கொண்டவை நிறைய.

மூத்த மகள்

‹!-- அடி பூச்சி! தலைகீழ் ரோஜாவைப் பார்த்ததும் உன் வேலைதான் என்று தெரிந்துவிட்டது. உன் தாளிலேயே பதில் அனுப்புகிறேன். ஒன்றே ஒன்று கவனம்: குறியின் ஆரம்பத்தில் வரும் ஆச்சரியக்குறியை மறந்துவிடாதே. அது இல்லாவிட்டால் எதுவும் மறையாது, உள்ளே எழுதியது எல்லாம் திரையில் கொட்டிவிடும். அம்மா முன்னால் மாட்டிக்கொள்வாய்.

கோப்பு எதற்கு என்று கேட்டாய். உன்னிடம் மட்டும் சொல்கிறேன். கழுத்தில் ஒரு கட்டி. பயப்படாதே, பயப்படுகிற மாதிரிக் கட்டி இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனால் அது குரல் நரம்பை அழுத்திக்கொண்டிருக்கிறது. 22ஆம் தேதி எடுக்கிறார்கள். சின்ன வயதில் அந்தத் தொண்டை ஆபரேஷனில் எனக்கு மயக்க மருந்து ஒன்று ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தடித்துப் போனது. அதன் பெயர் அந்தக் கோப்பில் இருக்கிறது. இல்லாவிட்டாலும் சோதித்துப் பார்த்துக்கொள்வார்கள். இருந்தால் அவர்களுக்குச் சுலபம்.

ஆபரேஷனுக்குப் பிறகு குரல் பழையபடி வரலாம், வராமலும் போகலாம் என்கிறார்கள். வேறு ஒருவருடைய குரல் மாதிரி ஆகிவிடுவதும் உண்டாம். அதற்கு முன்னால் அம்மாவிடம் ஒரே ஒரு தடவை போனில் பேச வேண்டும். இந்தக் குரலில். சண்டை போட்டாலும் பரவாயில்லை.

ஆனால் அம்மாவிடம் நீ எதையும் சொல்லக் கூடாது. சத்தியம் செய். கட்டியைப் பார்த்து இரக்கப்பட்டு வருகிற அம்மா எனக்கு வேண்டாம். அதையும் ஸ்டூல் கணக்கில் சேர்த்துவிடுவாள். அக்கா. --›


பிப்ரவரி 8

மூத்தவளுக்கு,

உன் கடிதத்தைச் சின்னவள் படித்துக் காட்டினாள். பிறகு நானும் திரையில் படித்தேன். இரண்டு இடத்தில் ஒற்று விட்டுப்போயிருக்கிறது. படிக்க வைத்தவள் நான் என்பதால் அந்த வெட்கமும் எனக்குத்தான்.

வீட்டில் இருந்தவரை நீ என்னை "நீ" என்றுதான் சொன்னாய். "நீ சாப்பிட்டியா", "நீ சும்மா இரும்மா" என்று. இப்போது கடிதம் முழுக்க "நீங்கள்", "உங்கள்". ஒரு இடத்தில்கூட "நீ" இல்லை. தேடினேன். மரியாதை கொடுத்து ஆளை வாசலுக்கு வெளியே நிறுத்துகிற வித்தையை உனக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும். அவரும் போகிற அன்றைக்கு என்னிடம் மிக மரியாதையாகத்தான் பேசினார்.

காலி நாற்காலியைப் பற்றி எழுதியிருந்தாய். நான் உட்காருவதற்கு நாற்காலி போட்டுவிட்டு, அதற்குப் பக்கத்து நாற்காலியில் யாரை உட்கார வைத்தாய் என்பதை எழுதவில்லையே.

பீரோ சாவி என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

இப்படிக்கு,
உன் தாயார்

‹!-- அக்கா, சத்தியம். வாயைத் திறக்க மாட்டேன். உன் கடிதத்தின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு நேற்று முழுக்க வகுப்பில் எதுவும் காதில் ஏறவில்லை. நூலகத்தில் உடற்கூறு புத்தகத்தை எடுத்துக் கழுத்துப் படத்தைப் பார்த்தேன். அந்த நரம்பு நூல் மாதிரி இருக்கிறது. நூலகர், "பத்தாவதுக்கு இதெல்லாம் பாடத்துல இல்லையேம்மா" என்றார். பொது அறிவுக்கு என்றேன்.

பீரோவைத் திறக்க முடியவில்லை. சாவி அம்மாவின் மூக்குக்கண்ணாடி டப்பாவுக்குள் இருக்கிறது, டப்பா அவள் கைப்பையில், கைப்பை அவளோடு அச்சகத்தில்.

ஆனால் உனக்கு ஒரு நல்ல செய்தி சொல்கிறேன். அம்மா வெளியில்தான் இப்படி. உன் கடிதத்தைப் படித்ததும் அழுதாள். நான் பார்த்தேன். முந்தானையால் துடைத்துக்கொண்டு, "தூசி" என்றாள். இரண்டு நாளாக உன் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறாள். பிழை திருத்தும் வேலையைக்கூட உன் பழைய நாற்காலியில் உட்கார்ந்துதான் செய்கிறாள், அவளுடைய நாற்காலி சும்மா கிடக்கிறது. நீ போன் செய்தால் நிச்சயம் பேசுவாள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் செய். அம்மா போனுக்குப் பக்கத்திலேயே இருப்பாள். காத்துக்கொண்டிருப்பாள். எனக்குத் தெரியும். பூச்சி. --›


பிப்ரவரி 11, ஞாயிறு

அம்மாவுக்கு,

இன்று காலை பத்து மணிக்கு நான் உங்களுக்குப் போன் செய்தேன். நீங்கள் எடுத்தீர்கள்.

"யாரு?" என்றீர்கள். "நான்தான்" என்றேன். "நான்தான்னா யாரு?" என்றீர்கள். மறுபடியும் "நான்தான்" என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. பெற்றவளிடம் பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்ள வேண்டும் என்று எனக்குத் தெரியாது. "தப்பான நம்பர், வைங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள்.

வைங்க. ஊரில் யாரோ ஒருத்தியிடம் பேசுவது போல. நான் எழுதிய "நீங்கள்" உங்களுக்குக் குத்தியது என்றால், அதற்குப் பதிலடி இவ்வளவு சீக்கிரம், இவ்வளவு சுத்தமாக வரும் என்று நான் நினைக்கவில்லை. கோபத்தில் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அதற்காகத்தான் போன் செய்தேன்.

இந்த ஒன்றை மட்டும் நான் மறக்க மாட்டேன்.

மூத்த மகள்

‹!-- பூச்சி, ஒரே கேள்வி. அம்மா அழுதாளா, இல்லையா? உண்மையைச் சொல். "காத்துக்கொண்டிருப்பாள், எனக்குத் தெரியும்" என்று எழுதினாயே, உனக்கு என்ன தெரியும்? எந்தப் புத்தகத்தில் படித்தாய்?

நான் நேற்றே உட்கார்ந்து என்ன பேசுவது என்று தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். முதல் வரியில் அவளைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று யோசித்தேன். உன் அத்தான், காபி ஆறிப்போகிறது என்று மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனார். எல்லாம் உன் பேச்சைக் கேட்டுத்தான்.

என் குரல் இப்போதே கரகரத்துப் போயிருக்கிறது. அலுவலகத்தில் தினம் ஒருவர் சளியா என்று கேட்கிறார். இருக்கிற கொஞ்ச நஞ்சத்தையும் செலவழித்து "நான்தான், நான்தான்" என்று இரண்டு தடவை பிச்சை கேட்டிருக்கிறேன். அம்மாவிடம் இல்லாததை இருப்பதாக நீ எழுதாமல், அவள் எழுதச் சொன்னதை மட்டும் எழுதியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

இனி பின்பக்கத்தில் எதுவும் எழுதாதே. --›


பிப்ரவரி 13

மூத்தவளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனை எடுத்தவள் நான்தான். வைத்தவளும் நான்தான். ஏன் என்று உனக்கு விளக்கம் சொல்ல வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை.

மறக்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். மறக்க வேண்டாம். ஞாபகசக்தி உனக்கு என் பக்கத்திலிருந்து வந்தது.

போனில் பேச விரும்புகிறவள் ஒழுங்காகப் பேச வேண்டும். கிணற்றுக்குள்ளிருந்து முனகுவது பேச்சு ஆகாது.

இதற்கு மேல் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. உன்னிடமும் இருக்காது என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
உன் தாயார்

‹!-- அக்கா, எழுதாதே என்றாய். இது ஒன்று மட்டும். கோபப்பட்டாலும் படித்துவிட்டுக் கோபப்படு.

அம்மா அழவில்லை. நான் எழுதினேன். அவளுக்கு உள்ளே அப்படித்தான் இருக்கும், வெளியே காட்டத் தெரியவில்லை, அதனால் நான் காட்டினால் தப்பில்லை என்று நினைத்தேன். தப்புதான்.

ஆனால் பார்த்ததை இப்போது சொல்கிறேன், ஒரு சொல்கூடக் கூட்டாமல். உன் கடிதத்தை நான் படித்தபோது அம்மா ஈரத் துணிகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். "வைங்க" என்ற இடம் வந்ததும், "திரும்பப் படி" என்றாள். படித்தேன். "இன்னொரு தடவை." படித்தேன். பிறகு போனுக்குப் பக்கத்தில் போய் நின்று, ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். எண் எதையும் அழுத்தவில்லை. அந்த "ங்ங்" சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்துவிட்டாள். கையில் இருந்த துணியிலிருந்து தரையெல்லாம் தண்ணீர். அது என்ன அர்த்தம் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது.

இன்னொன்றும் உண்மை. உன் கல்யாணத்தன்று அம்மா லீவு போடாமல் அச்சகத்துக்குப் போனாள், உனக்குத் தெரியும். அன்றைக்கு அவள் மேஜையில் நாற்பது பக்க அச்சுப்படி இருந்தது. மாலையில் ஒரு திருத்தம்கூட இல்லாமல் அப்படியே திருப்பிக் கொடுத்திருக்கிறாள். முதலாளி நம்பி அடித்துவிட்டார். பக்கத்துக்குப் பத்துப் பிழை. மொத்தத்தையும் திரும்ப அடிக்க வேண்டியதாகிவிட்டது. "உங்கம்மா கையில சிவப்புப் பேனா இருந்துது பாப்பா, மூடிதான் திறக்கல" என்று அவரே என்னிடம் சொன்னார்.

அம்மா ஒரு வரியை அடித்துவிட்டு, பிறகு அடித்தது தப்பு என்று தோன்றினால், அந்த வரிக்குக் கீழே புள்ளி புள்ளியாக வைத்து ஓரத்தில் "இருக்கட்டும்" என்று எழுதுவாள். அடித்தது அடித்ததில்லை, பழையபடி விட்டுவிடு என்று அர்த்தம். அந்தச் சொல்லை அவள் கையெழுத்தில் நான் பார்த்தது இரண்டே தடவைதான். அவ்வளவு அபூர்வம்.

22ஆம் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன். திறக்க மாட்டேன். ஆனால் நம் வீட்டு அச்சு இயந்திரத்தில் போன மாதமே மை காய்ந்துவிட்டது, இந்த மாதக் கடிதம் ஒன்றும் அம்மாவின் கோப்பில் ஏறவில்லை. உனக்குத்தான் தெரியுமே, வந்ததும் போனதும் எல்லாம் தாளில் இருந்தாக வேண்டும் அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமை பிரவுசிங் சென்டருக்கு அவளே போகப் போகிறாள். எனக்குத் திங்கட்கிழமை பரீட்சை. எதை எதை அழுத்த வேண்டும் என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்துவிடு என்று சொல்லியிருக்கிறாள். எழுதிக்கொண்டிருக்கிறேன். பூச்சி. --›


பிப்ரவரி 15

அம்மாவுக்கு,

உங்கள் ரோஜாத் தாளை எடுத்துவிட்டேன். வெறும் எழுத்தில் அனுப்புகிறேன். தங்கை செய்த தாளில் இதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

கோப்பு இனி வேண்டாம். இனி உங்களுக்கு நான் எழுதப் போவதில்லை, போன் செய்யப் போவதும் இல்லை. நீங்கள் பேசு என்று சொல்லும் காலத்தில் என்னால் பேச முடிகிறதோ இல்லையோ.

மூத்த மகள்


பிப்ரவரி 19

மூத்தவளுக்கு,

பூ இல்லாத உன் கடிதம் கிடைத்தது. இதிலும் பூ இருக்காது. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஒரு விரலால் நானே அடிக்கிறேன்.

கோப்பை உனக்குத் தபாலில் அனுப்புவதாக இல்லை.

உன் அப்பா விஷயத்தில் நான் சொன்னதில் ஓர் எழுத்தும் மாறாது. பத்திரிகையில் அந்த வரியை அடித்தது அடித்ததுதான். மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்க்காதே. உன்னைக் கேட்கச் சொல்லவும் மாட்டேன்.

இப்படிக்கு,
உன் தாயார்

‹-- இதற்குக் கீழே எழுதுவது திரையில் தெரியாது, நீ மட்டும் திறந்து பார்ப்பாய் என்று இப்போது எனக்கும் தெரியும். நேற்று இங்கே வந்து சின்னவள் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக அழுத்தினேன். ஆறு தாள் வர வேண்டிய இடத்தில் இருபத்தேழு தாள் வந்தது. கடைக்காரர், "என்னம்மா, உள்ள இருக்கறதை எல்லாம் எடுத்துட்டீங்க" என்றார். பூ இருந்த இடமெல்லாம் எண்ணாக இருந்தது. எண்களுக்கு நடுவே நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தீர்கள். வீட்டுக்குப் போய், "சீட்டைத் தப்பா எழுதிக் குடுத்தியா, சரியா எழுதிக் குடுத்தியா?" என்று கேட்டேன். "நாளைக்குப் பரீட்சைம்மா, படிக்கணும்" என்றாள். புத்தகத்தைத் தலைகீழாக வைத்துக்கொண்டு படித்தாள்.

உங்கள் குறியின் தொடக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி இருந்தது. தேவையற்றது. நீக்கிவிட்டேன்.

சின்னவள் எழுதியதில் பிழைகள் உள்ளன. திருத்தம் கீழே.

குழாயைத் திறந்துவிட்டு நின்றது. பாத்திரம் இருந்தது. இரண்டு டம்ளர், ஒரு தட்டு. அழுவதற்காகத் தண்ணீரை வீணாக்குகிற பழக்கம் எனக்குக் கிடையாது. நீக்கவும்.

முந்தானை, தூசி. நீக்கவும்.

தலையணைக்கு அடியில் கடிதம். கணினிக்குள் இருக்கும் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் எப்படி வைப்பது? அச்சு இயந்திரம்தான் ஓடவில்லையே. கதை கட்டுகிறவள் இதையாவது யோசித்திருக்க வேண்டும். நீயும் படித்துவிட்டு நம்பியிருக்கிறாய். நீக்கவும்.

உன் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்வது. வீட்டில் கால் ஆடாத நாற்காலி அது ஒன்றுதான். ஆனாலும் இருக்கட்டும்.

நாற்பது பக்கம். முதலாளிக்கு வாய் நீளம். அன்று எழுத்தே தெரியவில்லை. இருக்கட்டும்.

இனி நீ எழுதியது. "அதையும் ஸ்டூல் கணக்கில் சேர்த்துவிடுவாள்." இது சரி. சேர்த்திருப்பேன்.

"தப்பான நம்பர், வைங்க." இதை நீ பதிலடி என்று எடுத்துக்கொண்டாய். உன் கடிதம் வந்த பிறகு நானும் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அதுதான் எனக்கு வசதியாக இருந்தது. உண்மை அதில்லை. எனக்குத் தெரியவில்லை. யாரோ வயதான பெண் எண் மாற்றி அழைத்துவிட்டாள் என்று நினைத்தேன். அதனால்தான் மரியாதையாக வைக்கச் சொன்னேன். உன் குரல் தெரிந்திருந்தால் திட்டியிருப்பேன்.

பத்து மாதம் வயிற்றில் வைத்துக்கொண்டவளுக்குக் குரல் தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷமாகப் பிழை திருத்துகிறேன். இந்தப் பிழைக்கு என்னிடம் குறி இல்லை.

அந்த மருந்தின் பெயரை இந்தக் கடைக்காரர் தட்டச்சு செய்து தனியாக உனக்கு அனுப்புகிறார். மூன்று தடவை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன். உடனே மருத்துவரிடம் காட்டு. நீலக் கோப்பு என் கைப்பையில் இருக்கிறது. நாளைக் காலை ஏழு மணி பஸ்ஸில் ஏறுகிறேன், மதியம் மூன்று மணிக்கு உன் ஊர். சின்னவள் பரீட்சை முடியும்வரை முதலாளி வீட்டில் இருப்பாள். அந்த மனிதர் ஆஸ்பத்திரிக்கு வந்தால் வரட்டும், வேறு பக்கத்தில் உட்காரட்டும். ஸ்டூலில் நான்தான் உட்காருவேன்.

22ஆம் தேதிவரை என்னிடம் பேசிக்கொண்டே இரு. சண்டையாக இருந்தாலும் சரி. பிறகு வேறு குரல் வந்தால் அதையும் நான் கற்றுக்கொள்ள வேண்டும். கொஞ்ச நாள் ஆகும்.

கடைசியாக ஒன்று. உன் கடிதங்களில் "நீங்கள்" என்று வரும் இடம் எல்லாவற்றிலும் "நீ" என்று திருத்தவும். மற்றவை இருக்கட்டும். --›